ஐந்தே காலில் இரண்டே முக்கால்

முன்பு ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவரால் உட்கார முடியவில்லை. எந்த நாட்டு ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், எனக்கோ சண்டை போடுகிற வயது தாண்டிவிட்டது.

ராஜாவின் பெயர் கோதண்ட பூபதி. உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. மீசை முளைத்த நாள் முதல் குதிரை மேலேயே வாழ்ந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைசி எதிரியும் சமாதானத்துக்கு வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து ராஜாவின் கைக்கு வேலை இல்லை. சிங்காசனத்தில் உட்கார்ந்தால் உள்ளங்கால் குறுகுறுக்கும், எழுந்து நடப்பார். கடைசி நாற்பது நாளாக நிலைமை முற்றிவிட்டது. படுப்பார், நிற்பார், நடப்பார். உட்காருவது மட்டும் இல்லை. யாராவது ஒரு வேலையை மெதுவாகச் செய்தால் அவருக்குப் பொறுக்காது. காவலன் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தால் தானே கதவைத் தள்ளித் திறந்துவிடுவார். நாதசுரக்காரர் சீவாளியைச் சரி செய்ய நேரமெடுத்தால் பிடுங்கித் தானே சரி செய்வார்.

ராஜா நடந்தால் சபை மட்டும் உட்கார்ந்திருக்க முடியுமா? கொலுமண்டபத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி ராஜா நடக்க, ஓலைச்சுவடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மொத்த சபையும் பின்னால் ஓடியது. வழக்கு விசாரணை நான்காவது சுற்றில் தொடங்கும், தீர்ப்பு பதினோராவது சுற்றில் வரும்.

இந்த ஓட்டத்தில் ராஜாவுக்குச் சரிசமமாக நடந்தவன் ஒருவன்தான். அவன் அரண்மனை விகடன் தாண்டவன். கொக்கு மாதிரி நீளக் கால். ராஜாவின் தோளோடு தோளாக நடந்து, ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே போவான். மந்திரி வல்லபராயருக்கோ முன்னால் தொந்தி, பின்னால் அங்கவஸ்திரம். எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவார். முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன விஷயம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்து, புரிந்து, அவர் சிரிக்கும்போது சபை வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். தனியாகச் சிரித்துவிட்டு அசடு வழிவார். இப்படி நாற்பது நாள் தனியாகச் சிரித்த மனுஷனுக்குத் தாண்டவன் மேல் வயிற்றெரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் ராஜா நடந்துகொண்டே எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "என்னால் ஏன் உட்கார முடியவில்லை? காரணம் சொல்லுங்கள்."

தாண்டவன் வாயைத் திறப்பதற்குள் வல்லபராயர் குறுக்கு வழியில் ஒரு தூணைச் சுற்றி வந்து ராஜாவின் முன்னால் நின்றார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"மகாராஜா, தங்கள் முத்திரை மயில். அந்த மயிலைத் தங்கள் மடைப்பள்ளியிலேயே தினமும் துண்டு துண்டாக உடைக்கிறார்கள். முத்திரை உடைந்தால் மன்னர் மனம் எப்படி அமைதிப்படும்?"

அவர் சொன்னது வெல்லக்கட்டியை. அந்த நாட்டில் ராஜாவின் கரும்பாலையில் காய்ச்சும் பாகை ஒரு சதுர மர அச்சில் ஊற்றுவார்கள். ஆறினால் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கட்டி வரும். கட்டியின் மேல் சிலுவை போலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு ஓடும். அந்தக் கோட்டில் உடைத்தால் சரியாக நான்கு துண்டு, ஒவ்வொன்றும் கால் கட்டி. கோடுகள் சந்திக்கும் நட்டநடுவில் ராஜாவின் மயில் பதிந்திருக்கும். ஆகவே ஒரு கட்டியை உடைத்தால் கொண்டை ஒரு துண்டில் போகும், தோகை ஒரு துண்டில் போகும். தலைமுறை தலைமுறையாக உடைத்துத் தின்றார்கள். ஒரு ராஜாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரணம் தேடித் தவிக்கிறவருக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதாதா?

அன்றைக்கே சட்டம் வந்தது. மயில் முத்திரையை உடைப்பவர், யாராயிருந்தாலும், சூரியன் சாய்வதற்குள் நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும். 'யாராயிருந்தாலும்' என்ற சொல்லை வல்லபராயர் தன் கையாலேயே எழுத்தாணி அழுந்த எழுதினார். ஏற்கெனவே உடைந்து கிடந்த துண்டுகளையெல்லாம் வீடு வீடாக வாங்கி அரண்மனைக் குளத்தில் கொட்டினார்கள். அந்த வருஷம் அந்தக் குளத்து மீனை யாராலும் குழம்பு வைக்க முடியவில்லை, இனித்தது.

சட்டம் வந்த ஐந்தாம் நாள் பௌர்ணமி. பௌர்ணமிதோறும் சத்திரத்து வழிப்போக்கர்களுக்கு அரண்மனையிலிருந்து ஒரு பெரிய அண்டா சர்க்கரைப் பொங்கல் போகும். அதை வைப்பவள் சடைச்சி. தாண்டவனுடைய அக்கா. தாய் தகப்பன் போன பிறகு மடைப்பள்ளிப் புகையில் நின்று அவனை வளர்த்தவள். அம்மாவின் முகம் தாண்டவனுக்கு ஞாபகம் இல்லை. அம்மா என்று நினைத்தால் சடைச்சியின் வேர்த்த முகம்தான் வரும்.

ஆலை ஓடும் பருவம் முடிந்து களஞ்சியத்தில் எட்டே எட்டு முழுக்கட்டிதான் மிச்சம் இருந்தது. சடைச்சியின் அண்டாவுக்கு இரண்டே முக்கால் கட்டி வேண்டும். அவள் இரண்டு கட்டியை எடுத்து அப்படியே போட்டாள். மூன்றாவதை முழங்காலில் வைத்து உடைத்து, மூன்று துண்டைப் போட்டு, ஒரு துண்டை மாடத்தில் வைத்தாள். அப்போது மந்திரியின் ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை சடைச்சியைச் சபைக்குக் கூட்டி வந்தார்கள். கையில் அண்டா கிளறும் கரண்டியோடே வந்தாள். ராஜா நடந்தார், அவளும் நடந்தாள்.

"சட்டம் உனக்குத் தெரியாதா?" என்றார் ராஜா.

"தெரியும் மகாராஜா. மூணு போட்டா திகட்டும். ரெண்டு போட்டா சப்புன்னு இருக்கும். ரெண்டே முக்கால்தான் என் கை அளவு. சட்டம் போட்டவங்க யாரும் என்கிட்ட வந்து பொங்கலுக்கு என்ன வேணும்னு கேக்கலையே."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று தாண்டவன் பல்லைக் கடித்தான். அவனுக்குத் தெரியும், அவள் சொல்ல மாட்டாள்.

"மகாராஜா," என்று அவனே முன்வந்தான். "அவள் செய்தது உடைப்பு அல்ல, கழிப்பு. எட்டிலிருந்து இரண்டே முக்கால் கழிக்க வேண்டுமென்றால் எட்டில் ஒன்று உடைந்தே ஆக வேண்டும். இப்போது ஐந்தே கால் மீதி இருக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறது. கணக்கு தெரிந்தவர்கள் இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள்."

வல்லபராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். மூச்சிரைக்கப் பத்தடியையும் ஓடிக் கடந்து வந்தார்.

"கழிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டுமா? வாயால் கழித்துப் பார்க்கிறேன், எதுவும் உடையக் காணோம். மகாராஜா, விகடர் பெரிய கணக்கர். களஞ்சியத்தில் ஐந்து முழுக்கட்டியும், குற்றத்துக்குச் சாட்சியான அந்த ஒரு துண்டும் இருக்கின்றன. அந்த ஐந்தே காலிலிருந்து அவரே இரண்டே முக்காலைக் கழித்துக் காட்டட்டும். உடைக்காமல். செய்துவிட்டால் அவர் தமக்கை இங்கேயே இருக்கட்டும். முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து எல்லையைத் தாண்டட்டும்."

ராஜாவின் நடையில் ஒரு துள்ளல் வந்தது. பல நாளுக்குப் பிறகு வேடிக்கை பார்க்க ஏதோ கிடைத்திருக்கிறது. "நல்ல யோசனை. நாளை உச்சிப்பொழுதில்," என்றார்.

வல்லபராயர் நிபந்தனைகளை ஓலையில் எழுதினார். தாண்டவன் மயிலைத் தன் கையால் உடைக்கக் கூடாது. உடைக்கும்படி ஒருவரிடமும் சொல்லக் கூடாது. உருக்குவது, சீவுவது, கரைப்பது எல்லாம் உடைப்பதற்குச் சமம். முடிவில் வல்லபராயர் கையில் இரண்டே முக்கால் கட்டி இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது; மீதி களஞ்சியத் தாம்பாளத்தில் இருக்க வேண்டும். தோற்பவன் தன் கையாலேயே மந்திரியிடம் வெல்லத்தைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் 'வல்லபராயர் கையில்' என்று எழுதினார். அந்த ஆசையை அடக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தாண்டவன் அன்று பகல் முழுவதும் நடந்தான். மண்டபத்தில் ராஜா நடக்க, தோட்டத்தில் இவன் நடந்தான். கணக்கு குழந்தைக் கணக்குதான். ஐந்து முழுசு, ஒரு துண்டு கையில். கேட்பது இரண்டு முழுசு, மூன்று துண்டு. முழுசுக்குப் பஞ்சமில்லை. துண்டுதான் ஒன்று இருக்கிறது, மூன்று வேண்டும். ஒரு முழுசை உடைத்தால் நாலு துண்டு கிடைக்கும், பழைய துண்டோடு ஐந்து. மூன்றைக் கொடுத்து இரண்டை வைத்துக்கொள்ளலாம். எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரு முழுசு உடைந்தே தீர்கிறது. வாயால் கழித்தால் உடையவில்லை என்று மந்திரி சொன்னாரே, அதுவும் பொய். மனசுக்குள்ளேயும் உடையத்தான் செய்கிறது, சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குளத்தில் கொட்டிய துண்டு ஏதாவது கிடைக்குமா என்று கரையைக்கூடச் சுற்றி வந்தான். மீன்கள் வாயைத் திறந்து மூடின. வெளியூர்ச் சந்தையில் கிடைக்காதா என்று யோசித்தான். வேறு நாட்டு வெல்லத்தில் மயில் இருக்காது, செல்லாது. வெயில் ஏற ஏற அவன் சட்டைக்குள் எறும்பு ஊர்வது போல இருந்தது. அக்கா இல்லாத மடைப்பள்ளியை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டு, இனி அதை நினைப்பதில்லை என்று தீர்மானித்தான். ஐந்தடி நடப்பதற்குள் மறுபடி நினைத்தான். பயமாக இருந்தது.

மாலைச் சாப்பாட்டு நேரத்தில் மடைப்பள்ளிக்குப் போனான். சடைச்சி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து இரண்டு கரண்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டா குட்டிபோட்ட பூனையாட்டம் சுத்துற? ராஜா சீக்கு உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"ஒரு துண்டை வச்சுக்கிட்டு மூணு துண்டு எப்படிக்கா குடுக்குறது?"

"ஒண்ணை உடை."

"அதைத்தான் செய்யக் கூடாதுன்னு ஓலை எழுதியிருக்கான்."

"அப்ப அவனுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு அர்த்தம்," என்றாள் சடைச்சி. "கெடக்கட்டும் விடு. எல்லைக்கு அந்தப் பக்கமும் மனுசங்க பொங்கல் திங்கத்தானே செய்வாங்க. நீ மட்டும் என்கூட வராத. உன் வேடிக்கைப் பேச்சுக்கு அங்க யாரு சோறு போடுவா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். தாண்டவன் வாசலுக்கும் அம்மிக்கும் நடுவே நடந்தான்.

அப்போது அந்தப்புரத்துத் தாதி ஒருத்தி அவசரமாக ஓடி வந்தாள். "சடைச்சிக்கா, ராணியம்மா ரசத்துக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி வேணுமாம்."

சடைச்சி நிமிரவில்லை. புளிப்பானையை அப்படியே தூக்கி அவளிடம் கொடுத்தாள். "இந்தா, பானையோட எடுத்துட்டுப் போ. வேணுங்கறத எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொண்டாந்து வை. எனக்கு உருட்டிக் குடுக்க நேரமில்ல."

தாண்டவன் நின்றான். காலையிலிருந்து முதல் தடவையாக நின்றான்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. அந்த மூட்டையை அவுத்து வை," என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் உச்சிப்பொழுது நெருங்கியது. மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய தாம்பாளம். அதில் ஐந்து முழுக்கட்டிகள், பக்கத்தில் ஒரு துண்டு. வல்லபராயர் புதுப் பட்டு உடுத்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சடைச்சி ஒரு தூணோரம் நின்றாள். ராஜா மட்டும் எல்லோரையும் சுற்றி வட்டமாக நடந்துகொண்டிருந்தார்.

தாண்டவன் ஒரு கட்டியை எடுத்து மந்திரியின் கையில் வைத்தான். "ஒன்று," என்றான். அடுத்ததை வைத்தான். "இரண்டு." பிறகு கொஞ்சமும் யோசிக்காமல் மூன்றாவது முழுக்கட்டியையும் தூக்கி மேலே வைத்தான்.

"மூன்றா?" என்றார் வல்லபராயர். மூன்று கைக்குழந்தைகளைச் சேர்த்துத் தூக்கிய கனம் அவர் கையை இழுத்தது. "கணக்கு தெரியவில்லையே விகடருக்கு. கால் கட்டி கூடிவிட்டது."

"ஆமாம் ஐயா, கால் கட்டி கூடத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தக் கால் கட்டியைத் தாங்கள் திருப்பித் தந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்."

"என்னிடம் ஏது கால் கட்டி?"

"தங்கள் கையில் மூன்று முழுசு இருக்கிறதே. அதில் கால் பங்கு என்னுடையது."

வல்லபராயர் கையில் இருந்ததைப் பார்த்தார். மேல் கட்டியின் மயில் அவரைப் பார்த்தது. கால் பங்கைத் தர வேண்டுமென்றால் அதை உடைக்க வேண்டும். அவருக்கு நெற்றி வேர்த்தது.

"நான் உடைக்க மாட்டேன்."

"உடைக்கும்படி நான் சொல்லவே இல்லையே," என்றான் தாண்டவன் பதறிப்போனவன் போல. "அப்படிச் சொல்லக் கூடாது என்று ஓலையில் எழுதியிருக்கிறது. என் கால் கட்டி எனக்கு வர வேண்டும், அவ்வளவுதான். தராமல் தாங்களே வைத்துக்கொண்டால் அது அரண்மனை வெல்லத்தைக் கைப்பற்றியது ஆகிவிடும். தாங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஊருக்கே தெரியும்."

ராஜா ஒரு சுற்று முடித்து அந்தப் பக்கம் வந்தார். "முடிந்ததா?" என்றார்.

"மந்திரியார் யோசித்துக்கொண்டிருக்கிறார் மகாராஜா."

ராஜா போனார். வல்லபராயர் ஒரு வழி கண்டுபிடித்தார். "இந்தா, ஒரு கட்டியைத் திருப்பி எடுத்துக்கொள். இப்போது என்னிடம் இரண்டு இருக்கிறது. மூன்று துண்டு கொடு."

தாண்டவன் மேல்கட்டியைப் பணிவாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். இருந்த ஒரே துண்டை அவர் கையில் வைத்தான். "இரண்டே கால் ஆயிற்று. இன்னும் இரண்டு துண்டு தர வேண்டும். துண்டு இல்லை. அதற்குப் பதில் ஒரு முழுசு தருகிறேன், தாங்கள் இரண்டு துண்டு திருப்பித் தாருங்கள்."

"என்னிடம் ஒரு துண்டுதானே இருக்கிறது?"

"அதைத் தாருங்கள். இன்னொன்றையும் தாருங்கள்."

துண்டு திரும்பி வந்தது. மறுபடி மூன்று முழுசு மந்திரியின் கையில் இருந்தது. இருவரும் தொடங்கின இடத்தில் நின்றார்கள். ராஜா இரண்டாவது சுற்று முடித்து வந்தார்.

"இன்னுமா முடியவில்லை?"

"கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் மகாராஜா. ஒரே ஒரு துண்டு அந்தக் கையிலிருந்து இந்தத் தாம்பாளத்துக்கு வர வேண்டும். பொறுமையாகச் செய்தால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும்."

பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் ராஜாவின் விரல்கள் மடங்கி விரிந்தன. தாண்டவன் அதை ஓரக்கண்ணால் பார்த்தான். கணக்கு அவனுடையது, ஆனால் கடைசி அடி அவன் கையில் இல்லை. ஒரு மனுஷனின் சுபாவத்தை நம்பி அக்காவையும் தன்னையும் பணயம் வைத்திருந்தான்.

வல்லபராயர் கையை மாற்றினார். கீழே வைக்கலாம் என்றால், 'கையில்' என்று எழுதித் தொலைத்திருக்கிறார். வேர்வையில் வெல்லம் பிசுபிசுத்துப் பட்டில் ஒட்டியது. எங்கிருந்தோ ஒரு கட்டெறும்பு வந்து அவர் கழுத்தில் ஏறியது. தட்டிவிடக் கை இல்லை. ஊதிப் பார்த்தார். ராஜா மூன்றாம் சுற்று வந்தார், நான்காம் சுற்று வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஐந்தாவது சுற்றில் ராஜா அவர்கள் இருவருக்கும் நடுவிலேயே வந்து நின்றுவிட்டார்.

"ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு. இதற்கு இரண்டு பேர், ஒரு சபை, அரை நாளா? கொண்டா இங்கே."

மந்திரியின் கையிலிருந்து மேல்கட்டியைப் பிடுங்கினார். சிங்காசனத்தின் கீழ்ப்படியில் சட்டென்று உட்கார்ந்தார். கட்டியை முழங்காலில் வைத்து ஓர் அழுத்து, திருப்பி இன்னும் இரண்டு அழுத்து. சடக், சடக் என்று நான்கு துண்டு மடியில் விழுந்தது. மூன்றை மந்திரியின் கையில் திணித்தார். ஒன்றைத் தாம்பாளத்தில் எறிந்தார்.

"முடிந்ததா இப்போது?"

"முடிந்தது மகாராஜா," என்றான் தாண்டவன். "மந்திரியார் கையில் இரண்டு முழுசு, மூன்று துண்டு. இரண்டே முக்கால்."

வல்லபராயருக்குத் தோல்வி தெரிந்துவிட்டது, ஆனால் அவ்வளவு எளிதில் விடுகிற ஆளா? தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்.

"மோசடி மகாராஜா. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. முக்காலில் கால் போனால் அரை. மீதி மூன்றரை இருக்க வேண்டும். இங்கே இருப்பது இரண்டு கட்டியும் இரண்டு துண்டும், அதாவது இரண்டரைதான். நம் கண்ணெதிரிலேயே ஒரு கட்டியைத் திருடிவிட்டான்."

"காலில் முக்கால் போகாது என்பதற்காக, முக்காலில் காலைக் கழித்துவிட்டீர்களே ஐயா," என்றான் தாண்டவன். "சந்தேகம் எதற்கு? கொடுத்ததையும் இருப்பதையும் கூட்டிப் பார்த்துவிடலாம்."

மந்திரியின் கையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாங்கித் தாம்பாளத்தில் அடுக்கினான். இரண்டு முழுசும் இரண்டு முழுசும் நான்கு. மூன்று துண்டும் இரண்டு துண்டும் ஐந்து துண்டு. அந்த ஐந்தில், ராஜா உடைத்த நான்கையும் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினான். கொண்டையோடு கழுத்து சேர்ந்தது, மார்போடு தோகை சேர்ந்தது. நடுவில் மயில் முழுசாக நின்றது. வெளியே பழைய துண்டு ஒன்று தனியாக இருந்தது.

"நான்கும் ஒன்றும் ஐந்து. மேலே ஒரு கால். ஐந்தே கால், மகாராஜா. நேற்று இருந்தது அப்படியே இருக்கிறது."

ராஜா குனிந்து அந்த மயிலைப் பார்த்தார். கோடு தெரிந்தது, ஆனால் மயில் மயிலாகத்தான் இருந்தது. விரலால் தொட்டார். பிறகு மெதுவாகத் தன் கையைப் பார்த்தார். கை முழுக்க வெல்லத் தூள்.

"இதை உடைத்தது யார்?" என்று கேட்டார்.

தூணோரம் நின்ற சடைச்சிதான் சொன்னாள். "நீங்கதான் மகாராஜா. நல்லாவே உடைச்சீங்க. கோடு பிசகல."

"மன்னருக்குச் சட்டம் பொருந்தாது," என்று வல்லபராயர் முணுமுணுத்தார்.

"'யாராயிருந்தாலும்' என்று எழுதியது நீர்தானே?" என்றார் ராஜா. அப்புறம்தான் அவருக்கு வேறொன்று உறைத்தது. கீழே பார்த்தார். படியைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார்.

"தாண்டவா, நான் உட்கார்ந்திருக்கிறேனா?"

"வெகு நேரமாக, மகாராஜா. உள்ளங்கால் எப்படி இருக்கிறது?"

ராஜா கால்விரலை அசைத்துப் பார்த்தார். குறுகுறுப்பு இல்லை. மயில் உடைந்தால் மனம் கெடும் என்று சட்டமே போட்டவர், மயிலை உடைத்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. அந்தச் சிரிப்பில் தாம்பாளமே அதிர்ந்து மயில் மறுபடி நாலாகப் பிரிந்தது. சபை மொத்தமும் சிரித்தது. முதல் தடவையாக வல்லபராயரும் நேரத்துக்குச் சிரித்தார், வேறு வழியில்லாமல். தாண்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா நின்ற தூணில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

"சிரிப்பு சரி," என்றார் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. சடைச்சி உடைத்தாள், நானும் உடைத்தேன். இருவரும் எல்லையைத் தாண்ட வேண்டும்."

தாண்டவனின் நாக்கு அவனைக் கைவிடவில்லை. "தாண்ட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது மகாராஜா. திரும்பி வரக் கூடாது என்று எழுதவில்லை. வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது எங்கள் மடைப்பள்ளி வழக்கம்."

ராஜா துள்ளி எழுந்தார். இரண்டு வருஷமாகக் கொட்டிலில் நின்ற குதிரைக்குச் சேணம் பூட்டினார்கள். சடைச்சி மாட்டு வண்டியில் ஏறினாள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று புலம்பிக்கொண்டே. அன்று சூரியன் சாய்வதற்குள் இருவரும் எல்லை ஆற்றைத் தாண்டி, அக்கரையில் ஆளுக்கு ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்துவிட்டார்கள். வந்ததும் ராஜா அந்தச் சட்ட ஓலையைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே இரண்டாக ஒடித்தார்.

"தாண்டவா, என்ன வேண்டும் கேள்," என்றார்.

"வெல்ல அச்சைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் மகாராஜா. நடுவில் இருக்கும் பெரிய மயில் வேண்டாம். நான்கு பங்கிலும் ஒவ்வொரு சின்ன மயில் இருக்கட்டும். எங்கே உடைத்தாலும் மயில் உடையாது. ஐந்தே கால் என்றால் இருபத்தொரு மயில். அதில் இரண்டே முக்காலுக்குப் பதினொரு மயில் போனால் பத்து மயில் மிச்சம். மந்திரியாரும் விரல் விட்டு எண்ணிவிடுவார்."

"உனக்கு என்று ஒன்றும் கேட்கவில்லையே?"

தாண்டவன் தூணோரம் பார்த்தான். "எனக்கு வேண்டியது கையில் கரண்டியோடு நிற்கிறது மகாராஜா."

ராஜா சிரித்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வல்லபராயருக்கு வேறு பொறுப்பு கிடைத்தது: களஞ்சியத்தில் நின்று மயில் எண்ணுவது. அங்கே நடக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவரும் சந்தோஷமாகவே இருந்தார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு பௌர்ணமிதோறும் ராஜா மடைப்பள்ளிக்கு வந்து, ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, சடைச்சியின் அண்டாவுக்குத் தன் கையால் வெல்லம் உடைத்துக் கொடுத்தார். முதல் பௌர்ணமியில் இரண்டு முழுசைப் போட்டார். மூன்றாவதை உடைத்து ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு போட்டார். நாலாவது துண்டையும் எடுத்தார். அவருக்கு இனிப்பு தூக்கலாக இருந்தால் பிடிக்கும்.

சடைச்சி கரண்டியை அண்டாவின் குறுக்கே வைத்தாள்.

"மகாராஜா, ரெண்டே முக்கால்."

நாற்பது நாட்டு ராஜாக்களைப் பணிய வைத்தவர், அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் மாடத்தில் வைத்தார்.